சாமி எதிரே வந்து நின்றால் நாத்திகன் என்ன செய்வான்? எங்கள் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது என்ன ஆட்டம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்டது. ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் உலகத்தைச் சொல்வார்: "கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே இருட்டு, ஏதோ மூச்சுவிடுகிறது." மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை முடிவுசெய்யும். உலகத்தைச் சொல்பவருக்குப் பெயர் டிஎம். மதுரை வில்லாபுரத்து மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வேலை என்னுடையது.

புதிதாக வருகிறவர்கள் சண்டை விதிகளைப் பற்றிக் கேட்பதைவிட சாமியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டீ ஆறும்வரை பேசி அலுத்துப்போய், இதை எழுதி வைக்கிறேன்.

நான் சாமி கும்பிடுகிறவன். இதை ஆடலாமா?

ஆடலாம். எங்கள் குழுவில் வருஷம் தவறாமல் ஐயப்பனுக்கு மாலை போடுகிற ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு மதியம் நேரே எங்கள் மாடிக்கு வருகிற ஒரு டியூஷன் டீச்சர் அக்கா இருக்கிறார். கருப்புச் சட்டை அண்ணன் ஒருவரும் உண்டு. மாலை போட்ட மாதங்களில் சிக்கன் பப்ஸ் கிடையாது, எல்லாருக்கும் பருத்திப்பால்தான். இதற்கு மேல் விதி எதுவும் நாங்கள் போடவில்லை.

இது பேய் பிசாசு ஆட்டமாமே? வீட்டில் பயப்படுகிறார்கள்.

1980களில் அமெரிக்காவிலேயே இந்தப் பயம் இருந்தது. பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று பெரிய கூச்சல். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'டீமன்', 'டெவில்' என்ற சொற்களையே எடுத்துவிட்டு 'டனாரி', 'பாட்டேசு' என்று வாயில் நுழையாத பெயர்களை வைத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான், பெயர்தான் வேறு. வீட்டில் பயந்தால் ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பியின் அம்மா அப்படித்தான் வந்தார். பிள்ளைகள் காகிதத்தில் கூட்டல் கழித்தல் போடுவதைப் பார்த்துவிட்டு, "இதைப் படிப்புல காட்டியிருக்கலாம்" என்று சொல்லிக் கிளம்பிப் போனார்.

சரி, முக்கியமான கேள்வி. இந்த உலகங்களில் கடவுள் நேரில் வருகிறார், செத்தவனை எழுப்புகிறார். அங்கே ஒருவன் நாத்திகனாக இருப்பது முட்டாள்தனம் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பை மாற்றியது கருப்புச் சட்டை அண்ணன்.

அவர் ஒரு போர்வீரனை உருவாக்கினார். எந்தச் சாமியையும் கும்பிடாதவன். "அண்ணே, இந்த உலகத்துல சாமி உண்டுண்ணே, புத்தகத்திலேயே போட்டிருக்கு" என்றேன். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். வீம்புக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம், வறண்டுபோன ஓர் ஊரில் ஆற்றுத் தெய்வம் தோன்றுவதாகக் கதையை வைத்திருந்தேன். நல்ல காட்சி, நானே ரசித்து எழுதியது. தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிறாள், ஊரே விழுந்து கும்பிடுகிறது. ஐயப்ப பக்தரின் பாத்திரமும் மண்டியிட்டாயிற்று. இவர் பாத்திரம் மட்டும் நின்றுகொண்டு கேட்டது: "வரணும்னு நினைச்சா வர முடியுது. அப்ப இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆற்றுத் தெய்வத்திடமும் இல்லை, ஏனென்றால் அவள் வாயாக இருந்ததும் நான்தான். முதலில் கைதட்டியவர் ஐயப்ப பக்தர்.

அன்றைக்கு ராத்திரிதான் ஆபுத்திரன் ஞாபகம் வந்தான். மணிமேகலையில் வருகிற ஆள். நடப்பதும் நம் ஊரில்தான். வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை அவிழ்த்துவிட்டதற்காக ஊரைவிட்டு விரட்டப்பட்டு, மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயில் மண்டபத்தில் தங்கி, பிச்சை எடுத்து இல்லாதவர்களுக்குச் சோறு போடுகிறான். ஒரு ராத்திரி பசியோடு ஆட்கள் வந்து நிற்க, கொடுக்க ஒன்றும் இல்லாமல் தவிக்கிறான். சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கையில் தருகிறாள். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம், இவன் பாத்திரத்திலிருந்து ஊர் சாப்பிடுகிறது. இவன் அறத்தின் சூட்டில் வானுலகத்தில் இந்திரனின் கம்பளம் நடுங்குகிறது. இந்திரன் கிழவன் வேஷத்தில் வந்து, நான் இன்னார், என்ன வேண்டும் கேள் என்கிறான்.

ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். உன் நாட்டில் அறம் செய்கிறவன் உண்டா, அடுத்தவனைக் காப்பாற்றுகிறவன் உண்டா, தவம் செய்கிறவன்தான் உண்டா, இப்படி யாருமே இல்லாத ஊருக்கு ராஜாவே, பசித்தவன் முகம் மலர்வதைக் காட்டும் இந்தப் பாத்திரம் எனக்குப் போதும், நீ எனக்கு என்ன தரப்போகிறாய் என்று கேட்கிறான்.

இந்திரன் இல்லை என்று அவன் சொல்லவே இல்லை. எதிரே நிற்பவனை எப்படி இல்லை என்பது? அவன் மறுத்தது இந்திரனின் யோக்கியதையை. இன்னொன்றும் கவனியுங்கள்: சிந்தாதேவி கொடுத்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டவன்தான் இந்திரனைப் பார்த்துச் சிரிக்கிறான். தெய்வம் என்றாலே வேண்டாம் என்ற ஆள் கிடையாது. தெய்வத்தையும் மனிதனை நிறுக்கிற அதே தராசில் நிறுத்துப் பார்க்கிறான்.

எங்கள் மேசையில் நாத்திகப் பாத்திரம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். 'இருக்கா இல்லையா' என்ற கேள்வியை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். 'இருக்கு, அதனால் நான் ஏன் கும்பிட வேண்டும்?' என்பதை உள்ளே எடுத்து வாருங்கள். கதைக்கு அது நூறு மடங்கு உதவும்.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஎம்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. அவமானப்பட்ட இந்திரன் இடி மின்னலை ஏவவில்லை. பாண்டிய நாட்டில் மழையைப் பெய்ய வைத்தான். ஊர் செழித்தது. பசித்தவன் ஒருவனும் இல்லாமல், பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஆபுத்திரன் ஆள் தேடி அலைந்தான். இப்படி ஒரு பழிவாங்கலை நான் எந்த டி அண்ட் டி புத்தகத்திலும் படித்ததில்லை. உங்கள் நாத்திகப் பாத்திரத்தின் மேல் மின்னலை விட்டெறிகிற டிஎம், தன்னிடம் சரக்கு தீர்ந்துபோனதைத்தான் காட்டிக்கொள்கிறார்.

அப்படியென்றால் 'கடவுளே இல்லை' என்கிற பாத்திரம் ஆடவே முடியாதா?

முடியும், ஆனால் கொஞ்சம் உழைக்க வேண்டும். 1994இல் வந்த பிளேன்ஸ்கேப் என்ற டி அண்ட் டி கதையுலகத்தில் ஆதார் என்றொரு கூட்டம் உண்டு. (அடையாள அட்டைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. முதல் தடவை கேட்கிற எல்லாரும் சிரித்துவிடுகிறீர்கள்.) அவர்கள் வாதம் இது: நீங்கள் கடவுள் என்று சொல்கிறவர்கள் பலசாலிகள், அவ்வளவே. அவர்களும் சாகிறார்கள், பொய் சொல்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். அப்புறம் என்ன கடவுள்?

இதை நிரூபிப்பது அங்கே சுலபம். ஃபர்காட்டன் ரியல்ம்ஸ் உலகத்தில் செத்தவர்களின் கடவுளான கெலம்வோர் முன்பு கூலிக்கு வாள் பிடித்த சாதாரண மனிதன். ஒரு காலத்தில் அந்தப் பதவியில் இருந்த மிர்குலும் மனிதனாக இருந்து மேலே போனவர்தான். பதவி உயர்வு வாங்கிப் போன ஒருவரைக் கும்பிடச் சொன்னால் யாருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பழைய வடிவம் இருக்கிறது. கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருப்பீர்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும். மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். சமணத்தில் உலகத்தைப் படைத்த கடவுள் கிடையாது. ஆனால் தேவர்கள் உண்டு. அந்தத் தேவர்களும் ஆயுள் தீர்ந்தால் செத்துப் பிறக்கிறவர்கள், நம்மைப் போல மாட்டிக்கொண்டவர்கள். அதாவது தேவர்கள் நிறைந்த உலகத்தில் படைப்புக் கடவுளை மறுப்பது எப்படி என்று நம் மலையில் உட்கார்ந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஆட்கள் யோசித்திருக்கிறார்கள். எங்கள் குழு ஒரு தடவை அங்கே போய் உட்கார்ந்து ஒரு முழுக் கதையை ஆடியது. காற்றில் கேரக்டர் ஷீட் (பாத்திரத்தின் விவரம் எழுதிய தாள்) பறந்துபோனதைத் தவிர நல்ல நாள்.

கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பும் பாத்திரம் எப்படி இருக்கும்?

மணிமேகலையிலேயே பூதவாதி என்று ஒருவன் வருகிறான். வஞ்சி நகரத்தில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்டு வருகிறாள். காட்சி ஒன்றுதான் பிரமாணம், அனுமானம் செல்லாது என்கிறான் பூதவாதி. உன் அப்பா அம்மா இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்டுவிட்டு நகர்கிறாள். எங்கள் மேசையில் அப்படியொரு மந்திரவாதியை ஒருவர் ஆடினார். மாயத்தோற்ற மந்திரம் தெரிந்த எதிரி வந்த அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்.

அதிகாரபூர்வ உலகங்களில் நம்பாதவர்களுக்கு என்ன நடக்கிறது?

உலகத்துக்கு உலகம் வேறுபடும். டார்க் சன், 1991: சூரியன் சுட்டெரிக்கும் பாலைவன உலகம், அங்கே கடவுளே கிடையாது. கொடுங்கோல் ராஜாக்கள் தங்கள் அதிகாரிகளுக்குத் தாங்களே மந்திர சக்தி கொடுக்கிறார்கள். டி அண்ட் டி மாதிரியே இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் உலகத்தில் ரஹடூம் என்று ஒரு நாடு. மதச் சண்டையில் நாடே சீரழிந்து, கடைசியில் எல்லா வழிபாட்டையும் சட்டம் போட்டுத் தடுத்தவர்கள். அங்கே கோயில் கட்டினால் போலீஸ் வரும். பகுத்தறிவு என்று ஆரம்பித்து இன்னொரு கெடுபிடியில் போய் நிற்கிற அந்த நாட்டை எங்கள் கருப்புச் சட்டை அண்ணனுக்கே பிடிக்காது.

அப்புறம் அந்தச் சுவர். அதற்குத் தனிக் கேள்வியே வைக்க வேண்டும்.

சரி, அது என்ன சுவர்?

ஃபர்காட்டன் ரியல்ம்ஸில் செத்தவர்கள் ஒரு நகரத்துக்குப் போவார்கள். அவரவர் சாமி ஆள் அனுப்பிக் கூட்டிக்கொண்டு போகும். எந்தச் சாமியையும் பற்றாதவனைக் கூப்பிட யாரும் வரமாட்டார்கள். அவனை அந்த நகரத்தின் மதில் சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். கல்லோடு கல்லாக, மெல்ல மெல்லக் கரைந்து காணாமல் போவான். நல்லவனா கெட்டவனா என்ற விசாரணையே இல்லை.

எங்கள் மேசையில் அந்தப் போர்வீரன் ஒரு நாள் செத்தான். பிள்ளைகளைக் காப்பாற்றப் போய், பாலம் இடிந்து. பகடையில் இருப்பதிலேயே மோசமான எண்ணான ஒன்று விழுந்தது, அதற்கு மேல் செய்ய ஏதுமில்லை. புத்தகப்படி அவன் சுவருக்குப் போக வேண்டும். நான் அதை வாசித்துக் காட்டினேன். கருப்புச் சட்டை அண்ணன் தோளைக் குலுக்கிக்கொண்டு, "எதிர்பார்த்ததுதானே" என்றார். எழுந்து நின்று சண்டை போட்டது சர்ச் அக்கா. அவர் பாத்திரம் கிளெரிக், அதாவது பூசாரி. "நாலு பிள்ளைகளைக் காப்பாத்துனவனைச் சுவத்துல பூசுற சாமியை என் கேரக்டர் கும்பிடாது. இந்த நிமிஷத்துலேர்ந்து கிளெரிக் வேலையை விடுறேன்" என்று கேரக்டர் ஷீட்டில் தெய்வத்தின் பெயரை அடித்தார். அடுத்த நான்கு மாதம் எங்கள் கதை, செத்தவர்களின் நகரத்துக்குப் போய் அந்தச் சுவரிலிருந்து ஒரு கல்லைப் பெயர்ப்பது எப்படி என்பதாகவே ஓடியது. நம்பிக்கை உள்ளவர்தான் அந்தப் படையை நடத்திக்கொண்டு போனார்.

ஆட்டத்தை வெளியிடுகிறவர்களுக்கும் அந்தச் சுவர் உறுத்தியிருக்க வேண்டும். 2015இல் வந்த ஸ்வோர்ட் கோஸ்ட் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த சுவர் பற்றிய வரியை 2020இல் திருத்தம் போட்டு நீக்கிவிட்டார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அநியாயமான ஒன்று கதைக்குள் இருந்தால்தான் அதை இடிக்க ஆள் வரும்.

கடவுளை நம்பாதவர் கிளெரிக் ஆக முடியுமா?

கிளெரிக் என்பது தெய்வ சக்தியால் மந்திரம் போடுகிற பூசாரி வகைப் பாத்திரம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, தெய்வம் எதையும் பற்றாமல் ஒரு கொள்கையைப் பற்றிக்கொண்டும் கிளெரிக் ஆகலாம் என்று அனுமதித்தது. 2004இல் வந்த எபரான் உலகம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே தெய்வங்கள் நேரில் வருவதில்லை, இருக்கிறார்களா என்பதற்கே சாட்சி கிடையாது. மந்திரம் பலிப்பது பூசாரியின் நம்பிக்கையால். அதனால் தெய்வத்தின் பெயரால் அயோக்கியத்தனம் செய்கிற பூசாரிக்கும் மந்திரம் பலிக்கும். எல்லா உலகங்களிலும் எபரான்தான் நம் ஊருக்குக் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

நாத்திகப் பாத்திரத்துக்கு கிளெரிக்கின் வைத்திய மந்திரம் பலிக்குமா?

பலிக்கும். விதியில் நோயாளியின் நம்பிக்கையைக் கேட்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற கன்னியாஸ்திரீ உங்கள் மதத்தைக் கேட்டாரா?

அற்புதம் நடந்தால் அந்த மதம்தான் உண்மை என்று ஆகிவிடாதா?

நம் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு விலை இருந்திருக்கிறது. சோழவந்தான் பக்கம் திருவேடகம் தெரியும் அல்லவா? திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் நடந்த வாதத்தில் ஏடுகளை நெருப்பில் இட்டார்கள், பிறகு வைகையில் விட்டார்கள். சம்பந்தர் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துப் போய்க் கரை சேர்ந்த இடம் அது என்பது தல வரலாறு. தோற்றவர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறினார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அது நடந்ததற்குச் சரித்திரச் சான்று இல்லை என்று வரலாற்றுக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. ஆட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: இரண்டு கிளெரிக்குகள் ராஜா முன்னால் அற்புதப் போட்டி வைத்தால், ஜெயித்தவருக்கு அதிக சக்தி என்று தெரியும். அவர் சொன்னது சரியா என்பது தெரியாது. அந்த இடைவெளியில் ஒரு பாத்திரம் நின்று பேசினால் அன்றைய ஆட்டம் களைகட்டிவிடும்.

சாமியோடு வாதாடுகிற பக்தனும் நாத்திகனும் ஒன்றா?

ஒன்றல்ல. பொற்றாமரைக் குளத்தைக் காட்டி நக்கீரன் கதையைச் சொல்லாத மதுரைக்காரர் உண்டா? நெற்றிக்கண்ணைத் திறந்த பின்னும் குற்றம் குற்றமே என்றவன் பக்தன்தான். பாட்டில்தான் அவன் குறை கண்டான். இந்த வகைப் பாத்திரத்துக்கு எங்கள் மேசையில் கிராக்கி அதிகம், ஏனென்றால் எல்லாருக்கும் வீட்டில் பழக்கம். மழை பொய்த்தால் கருப்பனைப் பார்த்து "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா" என்று கேட்கிற பாட்டி அடுத்த நிமிஷம் சூடம் ஏற்றுவார்.

நம்ம சாமிகளை ஆட்டத்துக்குள் கொண்டுவரலாமா?

நாங்கள் கொண்டுவருவதில்லை. 1980இல் வெளிவந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்ற டி அண்ட் டி புத்தகத்தில் இந்திரன், அக்னி, காளி எல்லாருக்கும் ஹிட் பாயிண்ட் போட்டிருந்தார்கள், அதாவது எத்தனை அடி வாங்கினால் விழுவார்கள் என்று. மேசையில் ஒருவர் கும்பிடுகிற சாமிக்கு அடி எண்ணிக்கை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கருப்புச் சட்டை அண்ணனும் இதில் என் பக்கம். அவர் காரணம் வேறு: "எண்ணைப் போட்டா இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஆனால் சாமிகளின் நடத்தையைக் கடன் வாங்கலாம், அதுதான் பொக்கிஷம். மேல்நாட்டுப் புத்தகங்களில் கடவுளுக்கு ஒரு துறை, ஒரு சின்னம் இருக்கும், இலாகா ஒதுக்கிய மந்திரிசபை மாதிரி. நம் சித்திரைத் திருவிழாவில் அழகர், தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு வந்து, வைகையில் இறங்கி, கல்யாணம் முடிந்துபோனது தெரிந்து ஊருக்குள் வராமல் வண்டியூர்ப் பக்கம் திரும்புகிறார் என்று ஊரே வருத்தத்தோடு சொல்லும். அங்கே துலுக்க நாச்சியார் கதை வேறு. என் உலகத்துச் சாமிகளுக்குக் கோபதாபமும் சம்பந்தி உறவும் வைத்த பிறகுதான் ஆட்டக்காரர்கள் அவர்கள் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்னால் வரத் துணியாமல் பின்பக்கமாக வந்து பேசுகிறது. ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசுகிற நகரக் காவல் தெய்வம்! அப்படி ஒரு காட்சியை வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக ஆசை. இன்னும் இடம் அமையவில்லை.

அப்புறம் சத்தியம். பாலடின் என்கிற பாத்திரம் உறுதிமொழியால் சக்தி பெறுகிறவன். இதைப் புதியவர்களுக்கு விளக்கப் பத்து நிமிஷம் செலவழித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே வரி: அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பன் கதவு முன்னால் சத்தியம் செய்தவன். உடனே புரிந்துகொள்கிறார்கள், முகமும் மாறுகிறது.

கோயில் என்றாலே கடவுள் கதைதானா?

இல்லை, யார் உள்ளே போகலாம் என்கிற கதையும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. உங்கள் கற்பனை நகரத்துக் கோயிலுக்கு வாசல் காவலன் யார், யாரை நிறுத்துகிறான் என்று எழுதிப் பாருங்கள். தெய்வத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கதை பாதி வந்துவிடும்.

நிஜத்தில் நாத்திகர், ஆட்டத்தில் பக்தர். இல்லை தலைகீழ். பரவாயில்லையா?

அப்படித்தான் ஆட வேண்டும் என்பேன். இப்போது ஓடுகிற கதையில் கருப்புச் சட்டை அண்ணன்தான் கிளெரிக். தினமும் காலையில் பாத்திரம் சொல்ல வேண்டிய வேண்டுதலை உட்கார்ந்து செய்யுளாகவே எழுதிக்கொண்டு வருகிறார். ஐயப்ப பக்தர் ஒரு திருடன், கோயில் உண்டியல்தான் அவர் குறி.

பகடையை உருட்டுவது விதியா, தற்செயலா?

பழங்காலச் சமயத்தாரான ஆசீவகர்களைக் கேட்டால் எல்லாம் நியதி, விழ வேண்டிய எண் முன்னமே முடிவாகிவிட்டது என்பார்கள். கணக்கு தெரிந்தவரைக் கேட்டால் எந்த முகமும் விழ இருபதில் ஒரு வாய்ப்பு, முந்தின உருட்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐயப்ப பக்தர் எந்தப் பகடை கையில் கிடைத்தாலும் எடுத்து உருட்டுவார். கருப்புச் சட்டை அண்ணனிடம் சிவப்புப் பகடை ஒன்று இருக்கிறது, தனி டப்பாவில். அதை யாரும் தொடக்கூடாது. ஒன்று விழுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதை டப்பாவுக்குள் குப்புறப் போட்டு வைப்பார். காரணம் கேட்டால், "சும்மா ஒரு பழக்கம்" என்பார். நீங்கள் புதிதாக வந்தால், அதைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்.